எலும்புத் தேய்வுக்குச் சீன மூலிகை

கேள்வி: மாதவிடாய் நின்றபின் வரும் எலும்புத் தேய்வைச் சீன மூலிகையோ பிரண்டையோ தடுக்குமா? – வாசகி, ஹல்துமுல்லை

பதில்: சீன மரபு மருத்துவத்தின்படி எலும்பை ஆள்வது சிறுநீரகம். அதற்கு வலுவூட்டவே எப்பிமீடியம் இலையும் யூகோமியா பட்டையும் கஷாயமாகத் தரப்படுகின்றன. எப்பிமீடியத்திலுள்ள இக்காரின் என்ற பொருள், எலும்பை ஆக்கும் கலங்களைத் தூண்டுவது ஆய்வுகூடத்தில் தெரிந்திருக்கிறது. ஆனால் எலும்பு முறிவைக் குறைக்கும் என்பதற்கு வலுவான சான்று இல்லை.

பிரண்டையின் நிலையும் அதுவே. முறிவுக்கு வைத்துக் கட்டும் நாட்டு வைத்தியம் இலங்கையில் பழையது. விலங்குகளில் செய்த ஆய்வுகளும் நம்பிக்கை தருகின்றன. புளி சேர்த்துத் துவையலாக உண்ணலாம். வைத்தியர் தந்த மருந்தை நிறுத்திவிட்டு அதை மட்டும் நம்புவதுதான் ஆபத்து.

50 வயதைக் கடந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1200 மில்லிகிராம் கல்சியம் தேவை. 100 கிராம் குரக்கனில் 340 மில்லிகிராம் அளவில் இருக்கிறது. நெத்தலியும் பாலும் மீதியில் பெரும்பங்கை ஈடுசெய்யும். எலும்பு அடர்த்திப் பரிசோதனையில் டி மதிப்பு -2.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால் வைத்தியர் தரும் மருந்து அவசியம்.