புல்லின் வாசம், பூசணத்தின் உழைப்பு



நீராவி வடிப்பு நமக்குப் பாடம். கொதிகலன், கண்டென்சர், பிரிகலன் எல்லாம் மனப்பாடம். ஆனால் கொதிகலன் எண்ணெயைப் பிரிக்கத்தான் செய்யும், உண்டாக்குவது புல். அந்தப் புல்லுக்கு மண்ணுக்குள்ளே ஒரு கூட்டாளி உண்டு. அதைப் பற்றி நான் படித்ததை இங்கே தருகிறேன்.

எலுமிச்சைப்புல்லை எடுத்துக்கொள்வோம். கேரளத்தின் ஓடக்காலி ஆராய்ச்சி நிலையம் தந்த ‘சுகந்தி’ பெயர்பெற்ற ரகம். எண்ணெயின் மணத்துக்கு முக்கியக் காரணம் சிட்ரால்.

பூசணம் என்றதும் முகம் சுளிக்காதீங்க. வேர் உட்பூசணம் நோய் தருவதில்லை. மணிச்சத்து மண்ணில் எளிதில் நகராது. வேர் தன்னைச் சுற்றி ஓரிரு மில்லிமீட்டர் தூரத்தில் உள்ளதை உறிஞ்சிவிட்டுத் தவிக்கும். பூசண இழை சில சென்டிமீட்டர் தள்ளிப்போய் அதைக் கொண்டுவந்து கொடுக்கும். கூலி? புல் தயாரிக்கும் சர்க்கரையும் கொழுப்பும்.

மூன்று விஷயம் கவனிக்கணும்.

1. இது உயிருள்ள வேரில்தான் பெருகும். அதனால் சோளம், மக்காச்சோளம் வளர்த்து, அந்த வேரோடும் மண்ணோடும் எடுக்கிறார்கள். நாற்றங்காலில் விதைக்கு 2, 3 செ.மீ. கீழே இட்டால் முளைவேர் நேரே அதைத் தொடும். மேலே தூவினால் பெரும்பகுதி வீண்.

2. சூப்பர் பாஸ்பேட்டை அள்ளிக் கொட்டினால் புல் பூசணத்தை ஒதுக்கிவிடும். சத்து சும்மா கிடைக்கும்போது கூலி யார் கொடுப்பா?

3. கார்பன்டாசிம் போன்ற பூசணக்கொல்லியை மண்ணில் ஊற்றினால் கூட்டாளியும் பாதிக்கப்படும்.

இப்போ நம்ம கணக்கு. 1000 கிலோ பச்சைப்புல்லில் எண்ணெய் 0.4 சதம் என்று வைத்தால் 4 கிலோ. பூசணத்தால் புல் 1200 கிலோ ஆனால், சதவீதம் மாறாமலே 4.8 கிலோ. ஆனால் கூடுதல் 200 கிலோவுக்கும் நீராவி வேணும். விறகு செலவு கூடும். வடித்த சக்கையைக் காயவைத்து அடுப்பிலே போட்டால் அந்தச் செலவு குறையும். லாபத்தை இதையெல்லாம் கழித்துத்தான் சொல்லணும்.

புராஜெக்ட் தேடும் ஜூனியர்களுக்கு ஒரு யோசனை: பத்துத் தொட்டியில் பூசணக் கலவை, பத்துத் தொட்டியில் அதே அளவு ஆட்டோகிளேவில் கொன்ற கலவை. அறுத்து எடைபோடுங்க. கிளெவெஞ்சர் கருவியில் வடித்து அளவெடுங்க. உள்ளூர் மண்ணில் இந்தப் பூசணம் ஏற்கெனவே நிறைய இருந்தால் வித்தியாசம் குறைவாகவே வரும். அதையும் மறைக்காமல் எழுதுங்க. அந்த மண்ணுக்கு விவசாயி காசு கொடுத்துப் பாக்கெட் வாங்க வேண்டாம் என்பதும் அவருக்கு உதவும் முடிவுதான்!