இரவில் அழைக்கத் தயங்காத செவிலியர்

“சிஸ்டர் ஏன் இன்று சிடுசிடுவென்று இருக்கிறார்?” என்று நோயாளியுடன் தங்கியிருக்கும் உறவினர்கள் சில வேளைகளில் எங்களிடம் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். அதற்கான விடை பெரும்பாலும் அச்செவிலியரின் குணத்தில் இருப்பதில்லை. அவர் பணியாற்றும் சூழலிலும், அவரை வழிநடத்தும் எங்களைப் போன்றோரின் நடத்தையிலும் இருக்கிறது. இது உங்கள் நலத்தையும் பாதிப்பதால் சற்று விளக்கமாகக் கூற விரும்புகிறேன்.

பணித்தளர்ச்சி என்பது யாது?

நீண்ட காலம் தீராமல் தொடரும் பணி அழுத்தத்தால் விளையும் நிலையே பணித்தளர்ச்சி. உலக சுகாதார நிறுவனம் தனது நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பில் இதனை 2019-இல் விளக்கியது. உடலும் மனமும் களைத்துப்போதல், வேலையில் மனம் ஒட்டாமல் கசந்துபோதல், செயல்திறன் குன்றுதல் ஆகிய மூன்றும் இதன் அடையாளங்கள். இதனை ஒரு நோயாக அந்நிறுவனம் கருதவில்லை. பணிச்சூழலால் நேரும் நிலையாகவே வகைப்படுத்தியுள்ளது. எனவே ஊழியருக்கு ஆறுதல் கூறுவது மட்டும் போதாது. சூழலையும் சீர்செய்ய வேண்டும்.

நம் மாவட்டத்தில் இதற்கு மற்றொரு முகமும் உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கடலூர் மாவட்டத்தில் 600-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. 2015-இல் பெருவெள்ளம் வந்தது. இத்தகைய நாள்களில் கடலூரிலும் சிதம்பரத்திலும் பணிக்கு வரும் ஊழியரின் வீடும் அதே காற்றிலும் நீரிலும்தான் நிற்கிறது. “உங்கள் வீட்டில் எல்லோரும் நலமா?” என்று தலைவர் கேட்கும் ஒரு கேள்வி அன்று பெரும் பலம் தரும்.

தலைமையின் வகைகள்

உளவியலறிஞர் குர்ட் லெவினும் அவருடைய குழுவினரும் 1939-இல் வெளியிட்ட ஆய்வில் தலைமையை மூன்று வகையாகப் பிரித்துக் காட்டினர்: ஆணையிடும் தலைமை, கலந்து பேசும் தலைமை, எதிலும் தலையிடாத தலைமை. இதயம் நின்றுபோன நோயாளியின் அருகே ஒருவர் ஆணையிடத்தான் வேண்டும். அன்றாட வார்டுப் பணியில் அதே தொனி நீடித்தால் ஊழியர் வாய் திறக்க அஞ்சுவர்.

அமெரிக்க ஆய்வாளர் எமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தார். நல்ல தலைமையுள்ள குழுக்களில் மருந்துப் பிழைகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். பதிவுகளில் அவை கூடுதலாக இருந்தன! அங்கே பிழைகளை மறைக்காமல் தெரிவித்தனர் என்பதே அவர் கண்ட விளக்கம். வெளியே தெரிந்த பிழையைத்தான் திருத்த முடியும்.

நான் கற்ற பாடம்

பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு மருத்துவமனையில், நள்ளிரவில் என்னை அழைத்த இளம் செவிலியர் ஒருவரை, “இதற்கெல்லாமா எழுப்புவது?” என்று கடிந்துகொண்டேன். சில வாரங்கள் கழித்து, சர்க்கரை நோயாளி ஒருவருக்கு இரவில் மூச்சு வேகமாயிற்று. அதே செவிலியர் விடியும்வரை காத்திருந்தார். நோயாளி தீவிர சிகிச்சைப் பிரிவில் பல நாள் போராடிப் பிழைத்தார். ஏன் அழைக்கவில்லை என்று கேட்டேன். “திட்டுவீர்களோ என்று பயந்தேன், சார்” என்றார். அந்தத் தாமதத்திற்கு நானே காரணம். அதை அவரிடமே ஒப்புக்கொண்டேன். அன்றுமுதல், அழைத்தவருக்கு முதலில் நன்றி கூறுவதை வழக்கமாக்கிக்கொண்டேன். காரணம் சிறிதாக இருந்தாலும் அப்படியே.

நீங்கள் செய்யக்கூடியவை

• செவிலியர் பணி மாறும் வேளையில் நோயாளியின் விவரங்களை அடுத்தவரிடம் ஒப்படைக்கிறார்கள். அவசரம் இல்லையெனில் அந்நேரம் குறுக்கிடாதீர்கள். மூச்சுத்திணறல், மயக்கம், இரத்தப்போக்கு போன்றவை எனில் எந்நேரமும் உடனே அழையுங்கள்.

• குடும்பத்தின் சார்பில் ஒருவரே மருத்துவரிடம் விவரம் கேட்டு மற்றவர்களுக்குத் தெரிவிக்கட்டும்.

• குறை இருந்தால் துறைத் தலைவரிடம் கூறுங்கள். நல்ல கவனிப்பு கிடைத்தால் அவர் பெயரைச் சொல்லிப் பாராட்டுங்கள்.

• கோபம் வரலாம், கை ஓங்காதீர்கள். மருத்துவப் பணியாளர்மீதான வன்முறையைத் தடுக்க 2008-ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் தனிச்சட்டம் இயற்றப்பட்டுள்ளது.

• மருந்தின் நிறமோ அளவோ மாறியதாகத் தோன்றினால் தயங்காமல் கேளுங்கள். உங்கள் கேள்வியும் ஒரு பாதுகாப்பே.

செவிலியர் மருத்துவரிடமும், நீங்கள் எங்கள் இருவரிடமும் அச்சமின்றிப் பேசும் வார்டில்தான் நோயாளி நிம்மதியாக உறங்க முடியும். அத்தகைய வார்டை அமைக்கும் முதற்பொறுப்பு எங்களுடையது.