தொப்பூர்ச் சாலையும் கூதிர்காலமும்

தொப்பூர்க் கணவாயை அறியாத தருமபுரி மாணவர் இருக்க முடியாது. சிறீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இங்கே சேலத்தை நோக்கிச் சரிந்து இறங்குகிறது. பாரம் ஏற்றிய லாரிகள் நிலைதடுமாறி உயிர்களைப் பலிகொண்ட செய்திகளைப் பலமுறை படித்திருக்கிறோம். அவ்வழியே பேருந்தில் செல்லும்போதெல்லாம் சாலையின் மேற்பரப்பைக் கவனிப்பது என் வழக்கம். அதில் தோன்றும் வெடிப்புகளை எப்போது, எவ்வாறு அடைப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

நாம் ‘தார்’ என்று வழங்குவது இன்று நிலக்கரித் தார் அன்று. பெட்ரோலியத்தைச் சுத்திகரிக்கையில் எஞ்சும் பிட்டுமென். வெயிலும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் இதனை நாளடைவில் இறுகச் செய்கின்றன. நெகிழ்வு குன்றியதும் வெடிப்பு தோன்றுகிறது. அதன் வழியே நீர் இறங்கினால் அடித்தளம் இளகும்; சக்கரங்கள் அழுத்த, இன்றைய வெடிப்பு நாளைய குழியாகிறது.

குளிர்நாடுகளில் இலையுதிர்காலத்திலேயே வெடிப்புகளை அடைத்துவிடுவர். உட்புகுந்த நீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரிந்து சாலையைப் பிளக்கும். நமக்கு அத்தகைய உறைபனி இல்லை. ஆனால் ஐப்பசி, கார்த்திகையாகிய கூதிர்காலத்தில் வடகிழக்குப் பருவமழை உண்டு. நம் பகை பனிக்கட்டி அன்று, ஈரம்.

அடைப்பதற்குப் பயன்படுவனவற்றுள் ஒன்று பிட்டுமென் பால்மம். பிட்டுமென் நுண்துளிகளாய் நீரில் மிதக்கும் கலவை இது. தெளித்தவுடன் பழுப்பாக இருக்கும்; துளிகள் நீரைப் பிரிந்து ஒன்றுசேர்ந்ததும் கறுக்கும். காற்றில் ஈரம் மிகுந்தால் இது தாமதப்படும். அதற்குள் மழை வந்தால் கரைந்து ஓடிவிடும். வெப்பநிலை 10 பாகை செல்சியசுக்குக் குறைந்தால் இப்பணியைத் தவிர்ப்பர். தொப்பூரில் பகல் வெப்பம் அவ்வளவு தாழ்வதில்லை. எனினும் மலைநிழல் விழும் இடங்கள் எளிதில் உலர்வதில்லை. ஆகவே கோடையிலேயே அடைத்துவிடுவது நன்று. தவறினால், மழை ஓய்ந்த நாளில், சாலை உலர்ந்தபின் தொடங்கி, மாலைக்குள் கறுத்துவிடுமாறு முடிக்க வேண்டும்.

இன்னொன்றும் நினைவில் இருத்தல் வேண்டும். பால்மத்தை மிகையாக ஊற்றினால், அது கற்களின் சொரசொரப்பை மூடிவிடும்; தூறலில் சக்கரம் பிடிப்பிழந்து வழுக்கும். சமதளத்தில் இது குறை. தொப்பூர் இறக்கத்தில் உயிர்க்கேடு. எனவே அளவோடு நிரப்பி, மேலே கல்தூள் தூவி, கறுக்கும்வரை வண்டிகளை நிறுத்த வேண்டும்.

நண்பர்களே, கணவாயில் பழுப்புநிறக் கோடுகளும் தடுப்புப் பலகையும் கண்டால், பேருந்து நிற்கிறதே என்று சலித்துக்கொள்ள வேண்டா. அந்த அரைமணிக் காத்திருப்பு, பின்னால் இறங்கி வரும் லாரி ஓட்டுநர் ஒருவரை வீடு சேர்க்கக்கூடும்.