இருட்டைக் கடந்து பார்க்கும் கார்

கேள்வி: இரவு ஷிஃப்ட் முடிந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் கார் ஓட்டி வீடு திரும்புகிறேன். எதிரே வரும் லாரியின் வெளிச்சத்தில் கண் கூசி, சாலையே தெரிவதில்லை. 'நைட் விஷன்' கார் உதவுமா?
– வாசகர், கவரைப்பேட்டை

பதில்: உதவும். 2000 மாடல் காடிலாக் டிவில் காரில் வந்த தொழில்நுட்பம் இது. இதில் இரண்டு வகை உண்டு.

முதல் வகை, வெப்பக் கேமரா. மனிதர், மாடு, நாய் ஆகியவற்றின் உடற்சூட்டை உணர்ந்து திரையில் வெளிச்சமாகக் காட்டும். 2005-இல் பி.எம்.டபிள்யூ பொருத்திய கேமரா சுமார் 300 மீட்டர் வரை பார்த்தது. டிம் லைட்டில் நமக்குத் தெரிவதோ 50, 60 மீட்டர்தான். கண்ணாடி இந்த வெப்பக் கதிரைத் தடுப்பதால், கேமராவை முன்பக்க கிரில்லில் பொருத்துகிறார்கள்.

இரண்டாவது வகை, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைக் காரே பாய்ச்சி, அது பட்டுத் திரும்புவதைப் படமாக்கும்.

உங்கள் சாலையில் பெரிய ஆபத்து, விளக்கில்லாமல் ஓரம் நிற்கும் லாரி. இன்ஜின் ஆறிய லாரியை வெப்பக் கேமரா தெளிவாகக் காட்டாது. இரண்டாவது வகை காட்டும்.

இவை பெரும்பாலும் விலை உயர்ந்த கார்களில்தான் கிடைக்கின்றன. அப்படி ஒரு கார் கைக்கு வரும்வரை, உங்கள் காரின் முன்கண்ணாடியை உள்ளும் புறமும் துடையுங்கள். எதிர் வெளிச்சத்தைப் பார்க்காமல் சாலையின் இடது ஓரக் கோட்டைப் பாருங்கள். 80 கி.மீ. வேகத்தில் கார் நொடிக்கு 22 மீட்டர் பாய்கிறது. வெளிச்சம் எட்டும் தூரத்துக்குள் நிறுத்த முடிகிற வேகமே உங்களைப் பத்திரமாக வீடு சேர்க்கும்.