நூறு கிராம் நோயாளி

அன்புள்ள தம்பிக்கு,

வேப்பேரிக் கல்லூரியில் படித்தபோது மாடு, ஆடு, நாய், கோழி எல்லாம் உன் கைக்குப் பழகியிருக்கும். கிளினிக் திறந்துவிட்டாய் அல்லவா, இனி ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை ஷூ பெட்டியோடு வருவாள். "ரெண்டு வயசு அங்கிள், சாப்பிடவே மாட்டேங்குது." கூட வந்த அப்பா, "ஹாம்ஸ்டர் வெலையவிட உங்க ஃபீஸ் ஜாஸ்தி சார்" என்று சிரிப்பார். நீ சேர்ந்து சிரிக்காதே. இரண்டு, மூன்று ஆண்டுதான் அதன் ஆயுள். உன் மேசையில் இருப்பது ஒரு கிழம்.

உடனே தூக்காதே. பெட்டியிலேயே கொஞ்ச நேரம் விட்டுவிட்டு, மூச்சு எப்படி ஓடுகிறது, எந்தக் காலை இழுக்கிறது என்று பார். பிறகு ஒரு டம்ளரைக் காட்டினால் தானே ஏறிக்கொள்ளும். பிடரித் தோலை இறுக்கிப் பிடித்தால் கண்விழி பிதுங்கி வெளியே வந்துவிடக்கூடும்.

மதியத்தில் வரச் சொல்லவே சொல்லாதே. காரணம் அதன் பூர்விகம். 1930இல் இஸ்ரேல் அஹரோனி என்ற விலங்கியலாளர் சிரியாவின் அலெப்போ அருகே ஒரு வயலில் தோண்டி, ஒரு ஹாம்ஸ்டரைத் தாயும் குட்டிகளுமாக எடுத்தார். இன்று வீடுகளில் வளரும் பொன்னிற ஹாம்ஸ்டர்கள் பெரும்பாலும் அந்தக் குட்டிகளின் வம்சம்தான். பகலின் பெரும்பகுதியைக் குளிர்ந்த வளைக்குள் கழிக்கிற பிராணி அது. சென்னையின் மே மாத வெயிலில் ஆட்டோவில் வந்தால், அந்தப் பயணமே அதை முடித்துவிடும். சாயங்காலம் வரட்டும், தன் பழைய படுக்கைத் தூளோடும், தண்ணீர்ப் புட்டிக்குப் பதில் ஒரு வெள்ளரித் துண்டோடும்.

இடுப்பின் இரு பக்கமும் கரும்புள்ளி தெரிந்தால் கட்டி என்று பதறாதே, அவை வாசனைச் சுரப்பிகள். ஆணின் பின்புறப் புடைப்பைக் கட்டி என்று அறுக்கப் போனவர்களும் உண்டு, அது விதைப்பை! சாப்பிடாததற்குக் காரணம் பல நேரம் வாயிலேயே இருக்கும்: வளைந்து நீண்ட முன்பல், கன்னப்பையில் அழுகிய தீனி. வயிறு உப்பி, மூச்சு வாங்கினால் இதயத்தையும் சிறுநீரகத்தையும் சந்தேகி.

முக்கியமான விஷயம் மருந்து. பழக்கதோஷத்தில் கை அமாக்ஸிசிலினுக்குப் போகும். கூடாது. பென்சிலின் வகை, லின்கோமைசின், கிளின்டாமைசின் எல்லாமே குடலின் நல்ல கிருமிகளை அழித்து, குளோஸ்ட்ரிடியத்தைப் பெருக விடும். சில நாளில் பேதியாகிச் செத்துவிடும். தேவைப்பட்டால் என்ரோஃப்ளாக்சசின், வலிக்கு மெலாக்சிகாம். அதையும் கிராம் தராசில் நிறுத்த பிறகு, நீர்க்கவைத்துக் கொடு. வீட்டிலும் வாரம் ஒருமுறை நிறுக்கச் சொல். நூறு கிராம் பிராணி பத்து கிராம் குறைவது, எழுபது கிலோ ஆள் ஏழு கிலோ இளைப்பதற்குச் சமம்.

எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை என்று எழுதித் தள்ளாதே. அந்த உடம்பின் மொத்த ரத்தமே ஏழெட்டு மில்லிதான். பார்த்தால் எதுவும் மாறாது என்று தெரிந்தும் பார்ப்பது அப்பாவின் பணத்துக்கும் கேடு, பிராணிக்கும் கேடு.

கருணைக்கொலை தவிர வழியில்லை என்றால், ஐசோஃப்ளூரேன் கொடுத்து நன்றாக மயங்கிய பிறகே ஊசி. பிள்ளையிடம் "தூங்க வைக்கிறோம்" என்று மழுப்பாதே. அப்புறம் அவளே தூங்கப் பயப்படுவாள். செத்துப்போகும், வலிக்காது என்று சொல். பக்கத்தில் இருப்பதா வேண்டாமா என்பதை அவளும் பெற்றோரும் முடிவு செய்யட்டும்.

மருந்தை நீர்க்கவைக்கும் கணக்கில் சந்தேகம் வந்தால் எந்த நேரமானாலும் கூப்பிடு, சேர்ந்து போட்டுப் பார்க்கலாம்.

அன்புடன்,
உன் அண்ணன்