பிள்ளைப் பெயரும் ஒலி வேறுபாடும்

குகன் என்னுந் திருநாமத்தைப் பிள்ளைக்கு இடக் கருதுவோர் பலர். இதயமாகிய குகையில் உறைபவன் என்பது அதன் பொருள். எழுத்திலே பிணக்கில்லை; ஒலியிலேதான் பிணக்கு. வடமொழியில் அதன் முதலெழுத்து ககர வருக்கத்து மூன்றாவது. ‘சங்கு’ என்பதன் ஈற்றிற் கேட்கும் ஒலியது. தமிழிலோ அவ்வருக்கத்து நான்கிற்கும் ககரம் ஒன்றே. மொழிமுதலில் அது ‘குடம்’ என்பதிற்போல வல்லென்றே ஒலிக்கும். ஆதலின் பாட்டனார் ஒருவாறும் ஆசிரியர் வேறொருவாறும் அழைப்பர். வடசொல்லைத் தமிழெழுத்தால் வழங்குதல் தொல்காப்பியர்க்கும் உடன்பாடாகலின், தமிழொலியிற் கூறுவாரை நகைத்தல் தகாது.

இடர் விளைவது ஆங்கில எழுத்திலேயாம். யாழ்ப்பாணத்தார் பெரும்பாலும் ‘கே’ என்னும் எழுத்தையும், தமிழ்நாட்டார் ‘ஜி’ என்பதையும் முதலில் வைப்பர். பிறப்புப் பத்திரத்தில் ஒன்றும் பாடசாலை இடாப்பில் மற்றொன்றும் புகுந்தால், கடவுச்சீட்டுப் பெறுங்காலத்தில் சத்தியக்கடதாசி தேடி அலைய நேரும். தந்தை பெயரே மக்கட்கு முன்னெழுத்தாய் வருதலின், அம்மாறுபாடு அவன் மக்களையும் பற்றும். ஆகவே பதிவுக்கு முன்னரே ஒலியையும் எழுத்தையும் வீட்டார் ஒருங்கிருந்து துணிதல் வேண்டும்.

இப்பிணக்கே வேண்டாமென்பார் வேலன், அமலன், உமை என வல்லினமில்லாப் பெயர்களை நாடுக. யாழினி ஆகாதோவெனின், ழகரம் நம்மவர் நாவிற் பெரும்பாலும் ளகரமாய்விடுதலின் அங்கும் வழக்குண்டு.