வலப்பக்க வலியெல்லாம் குடல்வால் வலியா?

மாணவர்களே! வயிற்றின் வலப்புறக் கீழ்ப்பகுதியில் திடீரெனக் கடும் வலி கண்டால், மருத்துவர் முதலில் ஐயுறுவது குடல்வால் அழற்சியையே. குடல்வால் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. ஆகவே பெரும்பாலும் அறுவை செய்து அதை அகற்றிவிடுவர். ஆனால் அதே இடத்தில் அதே போன்ற வலியைத் தரும் அரிய நோய் ஒன்றும் உண்டு. அதற்குக் கத்தி தேவையில்லை. இவ்விரண்டையும் பிரித்தறிவது எப்படி?

பெருங்குடலின் வெளிப்புறத்தில் சிறுசிறு கொழுப்புப் பைகள் தொங்குகின்றன. இவை ஏறத்தாழ 50 முதல் 100 வரை இருக்கும். மெல்லிய காம்பில் தொங்குவதால் எப்போதாவது ஒன்று முறுக்கிக்கொள்வதுண்டு. அப்போது காம்பினுள் ஓடும் இரத்தக் குழாய் அடைபடுகிறது. பை அழற்சியுற்று வலிக்கிறது. பெரும்பாலும் இடப்புறத்தில் தோன்றும் இவ்வலி, வலப்புறத்தில் தோன்றினால் குடல்வால் வலி போலவே இருக்கும். முன்னாளில் வயிற்றைத் திறந்து பார்த்த பிறகே பலருக்கு உண்மை தெரிந்தது.

சாதாரண எக்ஸ் கதிர்ப் படம் இங்கு உதவாது. அதில் முன்னுள்ளதும் பின்னுள்ளதும் ஒன்றன்மேல் ஒன்றாக நிழலாய்ப் படிந்துவிடும். இக்குறையைப் போக்கியவர் இங்கிலாந்துப் பொறியாளர் ஹவுன்ஸ்ஃபீல்டு. அவர் அமைத்த கருவியால் 1971இல் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளை படமெடுக்கப்பட்டது. 1979இல் அவரும் கோர்மாக் என்பவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். சி.டி. ஸ்கேன் எனப்படும் இம்முறையில் கதிர்க்குழாய் உடலைச் சுற்றிவருகிறது. பல கோணங்களில் பெற்ற அளவுகளைக் கணிப்பொறி கணக்கிட்டு, முள்ளங்கியை வில்லை வில்லையாக நறுக்கியதுபோல் உடலின் குறுக்குவெட்டுகளைக் காட்டுகிறது.

ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரால் வழங்கும் அளவையில் தண்ணீரின் எண் 0, காற்று -1000, கொழுப்பு ஏறத்தாழ -100. எண் குறையக் குறையப் படத்தில் கருமை கூடும். குடலை ஒட்டிச் சில செ.மீ. நீளமுள்ள கரிய முட்டை வடிவமும், அதைச் சுற்றி வெளிறிய வளையமும் தெரிந்து, குடல்வாலும் இயல்பாக இருந்தால் ஐயம் தீர்ந்தது. முறுக்கிய கொழுப்புப் பையே வலிக்குக் காரணம். பெரும்பாலும் வலி நீக்கும் மருந்தும் ஓய்வுமே போதும். ஓரிரு வாரங்களில் தானே குணமாகும்.

சி.டி. ஸ்கேனில் உடலில் கதிர்வீச்சு படுகிறது. எனவே சிறுவர்களுக்கு முதலில் கேளா ஒலி அலைகளால் படமெடுத்துப் பார்ப்பதே வழக்கம்.

ஒன்றை மறவாதீர்கள். கடும் வயிற்று வலி வந்தால், "தானே போய்விடும்" என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது. எது தானே ஆறும், எது வெடிக்கும் என்பதை வலி சொல்லாது. தொட்டுப் பார்க்கும் மருத்துவரின் கையும் படமும் சேர்ந்தே சொல்லும்.